மவுஸ் அவங்க கையிலேயே இருக்கட்டும்

ஜெனி, அருள், உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, விடுப்பா" என்பீர்கள். இது விடுகிற விஷயம் இல்லை. நான் படித்தது எஸ்.எஸ்.எல்.சி.யும் ஐ.டி.ஐ.யும்தான். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் குறை இருந்தால் நேரில் வந்து சண்டை போடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, நீங்கள் ஆரம்பித்தீர்கள். மேக் மாதிரி சுலபமானது உலகத்திலேயே இல்லை என்றாள் ஜெனி. அது பணக்காரர்களுக்கான பொம்மை, லினக்ஸ்தான் மனுஷனுக்கு ஏற்றது என்றான் அருள். விண்டோஸை மட்டும் இரண்டு பேரும் ஒற்றுமையாகத் திட்டினீர்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பணிக்காலம் முழுவதும் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவில் கேபிள் இழுத்தவனுக்கு, தன் பிள்ளைகள் இப்படிப் பேசுவதைக் கேட்டால் பெருமை இருக்காதா?

அந்த நேரத்தில்தான் அம்மா நம் தெருக் குடும்பங்களின் அன்பிய ஜெபக் கூட்டத்து அறிவிப்பை பிரிண்ட் எடுக்க லேப்டாப்பைத் திறந்தாள். அது மெதுவாக ஓடுகிறது என்று அருள் போன மாதம் அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தான். அம்மா பிரிண்ட் எங்கே இருக்கிறது என்று தேடினாள். ஜெனி, நீ எழுந்து போய், "ஐயோ அம்மா, இது ரொம்ப ஈஸிம்மா. சின்னக் குழந்தைகூடப் பண்ணும்" என்று அவள் கையிலிருந்த மவுஸை வாங்கி டக்டக்கென்று தட்டினாய். காகிதம் வந்துவிட்டது. அப்புறம் லேப்டாப் விளிம்பில் ஒட்டியிருந்த சிவப்புப் பொட்டைப் பார்த்தாய். "என்னம்மா இது, லேப்டாப்புக்குக் கண்ணு பட்டுடும்னா?" என்றாய். "ஆயுத பூஜைக்கு வச்சது, இன்னும் எடுக்கல போல" என்று கிண்டலடித்தான் அருள். சிரித்துக்கொண்டே நீ அதை உரித்துப் போட்டுவிட்டாய். அம்மாவும் சிரித்தாள்.

நீங்கள் போன பிறகு அவள் லேப்டாப்பை பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். "இனிமே கையாலயே எழுதிக் குடுத்துடறேன். எனக்கு எதுக்கு இதெல்லாம்" என்றாள். அப்போது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

அந்தப் பொட்டை ஒட்டிக்கொடுத்தது நான். அது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் என்பது ஒரே ஒரு அறை. இங்கே பெங்களூரில் ஆடுகோடிப் பக்கம் இருந்த அந்த தர்ம ஆஸ்பத்திரியின் பெயர் உங்களுக்குத் தெரியும், எழுத்தில் வேண்டாம். அந்த அறைக்கு மட்டும் ஏ.சி. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். நான் பிரிண்டருக்கு ரிப்பன் மாற்றினேன், தூசி ஊதினேன், கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு எழுத்து தவறினாலும் அது முரண்டு பிடிக்கும். பிறகு கம்ப்யூட்டர் அந்த அறையை விட்டு ஒவ்வொரு மேஜைக்கும் வந்தது. நானும் அதன் பின்னாலேயே மேஜை மேஜையாகப் போனேன். என் படிப்பு அவ்வளவுதான்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் கெம்பையா சார். மண்டியாக்காரர். எங்களோடு பேசிப் பேசித் தமிழ் கற்றுக்கொண்டவர், கன்னடம் கலந்துதான் வரும். ஏதாவது மேஜையிலிருந்து புகார் வந்தால் அவர் கையில் ஸ்க்ரூடிரைவர் இருக்காது. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு போய், வேலை செய்பவரின் நாற்காலிக்குப் பக்கத்தில், கொஞ்சம் பின்தள்ளிப் போட்டு உட்காருவார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். "ஏனாய்த்தம்மா? என்ன ஆச்சு?" என்பார். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை பேசமாட்டார். அப்புறம், "தினமும் பண்ற மாதிரியே ஒரு வாட்டி பண்ணிக் காட்டுங்க" என்பார். அப்போது அவர் திரையைப் பார்க்கமாட்டார். கையைப் பார்ப்பார்.

அவர் பிறர் மவுஸைத் தொட்டு நான் பார்த்ததில்லை. என்னையும் தொடவிட்டதில்லை. புதிதாகச் சேர்ந்த ஆர்வத்தில் ஒரு நர்ஸ் கையிலிருந்து மவுஸை வாங்கப்போனேன். என் கையில் பட்டென்று ஒன்று போட்டார்.

"மவுஸ் அவங்க கையிலேயே இருக்கட்டும்ப்பா. நீ பிடுங்கிட்டா, நீ கத்துக்குவே, அவங்க பார்த்துட்டு இருப்பாங்க. உனக்குத் தெரிஞ்சதையே நீ இன்னொரு வாட்டி கத்துக்கிட்டு என்ன பிரயோஜனா?"

ஈஸி என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு ஆகாது. "ஈஸின்னு சொல்லிட்டேன்னா, அவங்களுக்கு வரலைன்னா அவங்க தட்டன்னு ஆயிடும். கஷ்டம்னு சொல்லு. வந்துட்டா சந்தோஷப்படுவாங்க" என்பார். தட்ட என்றால் கன்னடத்தில் மக்கு.

நீங்கள் சண்டை போட்ட மூன்றையும் நான் மேஜை மேஜையாகப் பார்த்தவன். எந்தக் கட்சியும் எனக்கு இல்லை. விண்டோஸில் எல்லாம் இடதுபக்க மூலையில் ஆரம்பிக்கும், மூடுகிற X குறி, நாங்கள் சிலுவை என்போம், வலதுபக்க மூலையில் இருக்கும். அதைப் பழகியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்வார்கள். ஆனால் அவசர வேலையின் நடுவில், இதோ என்னைப் புதுப்பித்துக்கொள்கிறேன் என்று அது உட்கார்ந்துவிடும், கூட்டமாக வரிசையில் நிற்கிறவர்களுக்கு நம்மால் பதில் சொல்லமுடியாது. லினக்ஸ் உறுதியானது, வைரஸ் தொல்லை குறைவு, பழைய பெட்டியிலும் ஓடும். ஆனால் அதில் பத்து ஜாதி. ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் தடுமாறும். மேக் பார்க்க அழகு, எழுத்து கண்ணை உறுத்தாது. அதைப் பற்றி ஒரு சங்கதி சொல்லவேண்டும்.

எங்கள் டைரக்டர் டாக்டர் தன் அறைக்கு ஒரு மேக் வாங்கிக்கொண்டார். வந்த வாரமே, மெஷின் மந்தம் என்று கூப்பிட்டார். கெம்பையா சார் ஸ்டூலோடு போனார், நானும் போனேன். டாக்டர் ஒவ்வொன்றையும் வேலை முடிந்ததும் சிவப்பு வட்டத்தை அழுத்தி மூடினார். மேக்கில் அப்படி மூடினால் ஜன்னல்தான் போகும், புரோகிராம் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். காலையிலிருந்து திறந்த அத்தனையும் உள்ளேயே இருந்தது. அதைச் சொன்னதும் டாக்டர், "என்னய்யா டிசைன் பண்ணியிருக்கான், மூடினா மூட வேணாமா?" என்று கோபித்துக்கொண்டார். சுற்றி நின்ற எல்லாரும், ஆமாம் சார், மோசமான டிசைன் சார் என்றார்கள். நானும்தான் சொன்னேன். டாக்டருக்குத் தெரியவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

லேப் ரிப்போர்ட் அடிக்கிற மேஜையில் சரோஜா அக்கா இருந்தாள். ஜோகுபாளையத்துக்காரி, நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. முதலில் ரத்தம் எடுக்கிற கண்ணாடிக் குழாய்களைக் கழுவுகிற வேலையில் இருந்து, தானே கேட்டு வாங்கி, ரிப்போர்ட் மேஜைக்கு வந்தவள். தமிழ் நன்றாகப் படிப்பாள், கன்னடம் எழுத்துக்கூட்டுவாள். ஆங்கிலத்தில் பேஷண்ட் பெயரும் பரிசோதனைப் பெயரும் தெரியும். அதற்கு மேல் தெரியாது. ஆனால் எண்ணில் பிசகு வராது. டெக்னீஷியன் எழுதிக்கொடுத்த சீட்டைப் பார்த்து அடிப்பாள், பிரிண்ட் கொடுப்பாள், மூடுவாள், அடுத்த சீட்டு.

அவள் எப்படிச் செய்தாள் தெரியுமா? சிவாஜிநகரில் வாங்கின ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து இரண்டு பொட்டு எடுத்து மானிட்டர் விளிம்பில் ஒட்டியிருந்தாள். வலதுபக்க மேல் மூலையில் சிவப்பு. மூடுகிற சிலுவை அங்கே. கீழ் விளிம்பில், நடுவுக்குக் கொஞ்சம் இடதுபக்கம் பச்சை. மூடினதும் திரை நடுவில் ஒரு கேள்வி வரும், இதை வைத்துக்கொள்ளவா, வேண்டாமா என்று. பச்சைப் பொட்டுக்கு நேர் மேலே இருக்கிற பொத்தானை அழுத்தினால் வைத்துக்கொள்ளும். அவளைப் பார்த்து லேபில் பாதிப்பேர் பொட்டு ஒட்டிக்கொண்டார்கள்.

"மெஷினுக்குப் பொட்டு வச்சாச்சு, பூ எப்ப வைக்கப்போறே?" என்று நான் கேட்பேன்.

"நீ வாங்கிட்டு வா, வைக்கிறேன். சும்னே பேசிட்டு இருக்காதே, பேப்பர் சிக்கிடுச்சு பாரு" என்பாள்.

அந்தச் சமயத்தில் நிர்வாகம் எல்லாப் பெட்டியிலும் லினக்ஸ் போட முடிவு பண்ணியது. செலவு மிச்சம் என்பது காரணம், அதில் தப்பில்லை. அதற்கு ஒரு கமிட்டி. அதில் டாக்டர்கள் இருந்தார்கள், நிர்வாக அதிகாரி இருந்தார், வெளியிலிருந்து வந்த ஓர் ஆலோசகர் இருந்தார். மேஜையில் உட்கார்ந்து வேலை செய்கிற ஒருவர்கூட இல்லை. கெம்பையா சாரையும் சேர்க்கவில்லை. ஆலோசகர் ஒரு பெரிய திரையில் செய்து காட்டினார். எல்லாருக்கும் ஈஸி என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். லேப் வராந்தாவில் அதைக் கேள்விப்பட்ட சரோஜா அக்கா, "நல்லா ஓடிட்டு இருக்கிறதை எதுக்கு மாத்தறாங்க? எங்களை ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்று சத்தமாகவே கேட்டாள்.

ஒரு விடுமுறை நாளில் ஆலோசகரின் ஆட்கள் வந்து மாற்றிவிட்டுப் போனார்கள். எங்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மானிட்டர் அதே மானிட்டர், உள்ளேதான் வேறு. பொட்டுகளும் அப்படியே இருந்தன. இது என்ன, எதற்கு என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு டாக்டர், ஒரு தைராய்டு பேஷண்டின் முந்தைய ரிப்போர்ட்டைத் தேடினார். இல்லை. இன்னொன்று தேடினார். அதுவும் இல்லை. மாற்றின நாளிலிருந்து சரோஜா அக்கா அடித்த ரிப்போர்ட் ஒன்றுகூடப் பெட்டியில் இல்லை. மற்றவர்கள் அடித்தது இருந்தது. பேஷண்ட் கையில் பிரிண்ட் கொடுத்தாயிற்று, ஆஸ்பத்திரியில் நகல் இல்லை.

நிர்வாக அதிகாரி அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார், கெம்பையா சாரையும் ஆலோசகரையும் என்னையும்கூட. அதிகாரி நம் ஆள்தான், தமிழர், சிவாஜிநகரில் வளர்ந்தவர். "வராந்தாவுல கத்தினது நீதானே? வேணும்னே அழிச்சிருக்கே. புது சிஸ்டம் வேலை செய்யலன்னு காட்டணும், அதானே?" என்றார். வேலையை விட்டு அனுப்ப மெமோ தயார் என்றார்.

அக்காவின் புருஷன் லாரி ஷெட்டில் அடிபட்டு வீட்டில் இருந்த காலம் அது. பெண் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்த மேஜைதான் அவர்கள் வீட்டு அடுப்பு. அக்கா அழவில்லை. "நான் ஒண்ணையும் அழிக்கல சார். வச்சுக்கோன்னுதான் சொன்னேன்" என்றாள். மறுபடி மறுபடி அதையே சொன்னாள். அது யாருக்கும் புரியவில்லை.

கெம்பையா சார் எழுந்தார். "சார், அந்தம்மா மேஜையில நான் கொஞ்சம் உட்காரணும். நீங்களும் வாங்க" என்றார். அதிகாரி, ஆலோசகர், நான், எல்லாரும் லேபுக்குப் போனோம். சார் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சரோஜம்மா, அவசரா இல்ல. தினமும் பண்ற மாதிரியே ஒரு ரிப்போர்ட் பண்ணுங்க. நாங்க யாரும் இங்க இல்லன்னு நினைச்சுக்கோங்க."

"அது எப்படி சார், இவ்ளோ பேரு தலைமேல நிக்கறீங்களே" என்றாள் அக்கா. சீட்டை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். அடித்தாள், பிரிண்ட் கொடுத்தாள். வலதுகை சிவப்புப் பொட்டுக்குப் போய் மூடியது. கேள்வி வந்தது. அவள் கண் அதற்குள் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டது, இடதுகை பிரிண்டர் காகிதத்தை எடுத்துக்கொண்டிருந்தது. வலதுகை மட்டும் தானாகப் பச்சைப் பொட்டுக்கு மேலே போய் அழுத்தியது.

"இன்னொரு வாட்டி, நிதானா" என்றார் சார். இரண்டாவது தடவை கேள்வி வந்ததும், "அங்கேயே நிறுத்துங்கம்மா. அந்தப் பச்சைப் பொட்டு எதுக்கு?" என்று கேட்டார்.

"அது வச்சுக்கோ பொட்டு சார். வைக்கவா வேணாமான்னு கேக்கும்ல? இடதுபக்கம் வச்சுக்கோ."

அப்போதுதான் நாங்கள் எல்லாரும் திரையைப் பார்த்தோம். பழைய சிஸ்டத்தில் இடதுகோடிப் பொத்தான் வைத்துக்கொள் என்பது. இந்தப் புதிதில் வரிசை தலைகீழ். இடதுகோடி வேண்டாம், வலதுகோடி வைத்துக்கொள். மூடுகிற சிலுவை இரண்டிலும் வலதுபக்கம்தான். சிவப்புப் பொட்டு சரியாக இருந்ததால் பச்சைப் பொட்டும் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் நம்பினாள். நம்பினது தப்பா? ஆங்கிலம் படிக்கிற மற்றவர்கள் ஒரு தடவை திடுக்கிட்டு, வேறு பொத்தானுக்குப் பழகிக்கொண்டார்கள். அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை.

ஆலோசகர், "அதான் கிளியரா எழுதியிருக்கே. படிச்சிட்டு அழுத்தணும்" என்றார்.

கெம்பையா சார் குரலை உயர்த்தவில்லை. "உங்க வீட்டு லைட் சுவிட்சை நீங்க படிச்சிட்டா போடறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அதிகாரி யோசித்தார். பெரிய மனதோடு சொல்கிற மாதிரி சொன்னார்: "சரி, வேணும்னு பண்ணல. தெரியாமத்தான் பண்ணியிருக்கா. இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவளை இங்க வச்சது நம்ம தப்பு. துணி ஸ்டோருக்கு அனுப்பிடலாம், படுக்கை விரிப்பு எண்ணட்டும்."

சரோஜா அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தாள். "திமிர்ல பண்ணேன்னு சொன்னீங்களே, அதுவே பரவாயில்லை சார்" என்றாள்.

ஜெனி, அருள், அந்த இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். டைரக்டருக்கு மூடத் தெரியாதபோது மெஷின் மோசம். சரோஜாவுக்கு வைக்கத் தெரியாதபோது சரோஜா மோசம். இரண்டும் ஒரே தவறுதான். பழகின கை பழகின இடத்துக்குப் போனது, அவ்வளவுதான். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.

கெம்பையா சார் ஸ்டூலை விட்டு எழவில்லை. "துணி ஸ்டோர் அப்புறம் பார்க்கலாம் சார்" என்றார். ஆலோசகரைப் பார்த்து, "இந்த சிஸ்டத்துல தமிழ் இருக்கில்ல?" என்றார்.

இருந்தது. பொத்தான், கேள்வி எல்லாவற்றையும் யார் யாரோ ஆர்வத்தில் தமிழிலும் கன்னடத்திலும் மொழிபெயர்த்து அதற்குள் வைத்திருந்தார்கள். வசதிகளில் அது ஒரு பெரிய வசதி. அருள், லினக்ஸைப் பற்றி நீ அன்றைக்கு இதைச் சொல்லியிருந்தால் நான் கைதட்டியிருப்பேன். ஆனால் போட்டவர்கள் எல்லாப் பெட்டியிலும் ஆங்கிலத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். உனக்கு எது வேண்டும் என்று யாரையாவது கேட்டால்தானே தெரியும்.

"சரோஜம்மா, கன்னடாவா, தமிழா?"

"தமிழ்னா நல்லாப் படிப்பேன் சார்."

அதிகாரிக்குப் பிடிக்கவில்லை. "என்ன சார், பெங்களூர்ல உட்கார்ந்துட்டு தமிழ் ஸ்க்ரீனா? யாராவது கேட்டா என்ன சொல்றது?"

"ஸ்க்ரீனை பேஷண்ட் பார்க்கறதில்ல சார், சரோஜம்மா பார்க்கறாங்க. ரிப்போர்ட் இங்கிலீஷ்லதான் வரும். யாராவது கேட்டா என்கிட்ட அனுப்புங்க, நான் கன்னடத்துல பதில் சொல்றேன்" என்றார் மண்டியாக்காரர்.

எப்படி மாற்றுவது என்று அவர் வாயால் சொன்னார், அக்காதான் மாற்றினாள். அப்போதும் அவர் மவுஸைத் தொடவில்லை. மறுபடி ஒரு ரிப்போர்ட். கேள்வி தமிழில் வந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோ வருஷமா இது என்ன கேக்குதுன்னே படிக்காம பதில் சொல்லிட்டு இருந்திருக்கேன் பாருங்க" என்றாள். அப்புறம், "'சேமி'ன்னு போட்டிருக்கு. பேங்க்காரன் மாதிரி புத்தி சொல்லுது" என்றாள். அதிகாரிகூடச் சிரித்துவிட்டார்.

பச்சைப் பொட்டை நகத்தால் உரித்து வலதுபக்கம் தள்ளி ஒட்டினாள். "இப்பதான் படிக்கலாமே, பொட்டு எதுக்கு?" என்று கேட்டேன். "கண்ணுக்கு வேற வேலை இருக்குப்பா. கை தானாப் போகணும்" என்றாள்.

துணி ஸ்டோர் பேச்சு அதோடு நின்றது. ஓய்வு பெறும்வரை அந்த மேஜையில்தான் இருந்தாள். பெண் நர்ஸ் ஆகிவிட்டாள். ஆனால் அந்த மெமோ அவள் ஃபைலிலேயே கிடந்தது, நிர்வாகம் அதைத் திரும்பப் பெறவே இல்லை. கெம்பையா சார் எழுதிக் கேட்டும் பதில் வரவில்லை. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. ஆலோசகர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாருக்கும் ஈஸி என்று சொல்லியிருப்பார். கெம்பையா சார் ஓய்வு பெற்றபின் இன்னொரு தடவை சிஸ்டம் மாற்றினார்கள். அப்போதும் யாரையும் கேட்கவில்லை. நான்தான் அவர் விட்டுப்போன ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு, உங்க பொட்டெல்லாம் எங்கெங்கே இருக்கு என்று மேஜை மேஜையாகக் கேட்டேன்.

எது சுலபம் என்று கேட்டீர்களே. என் அனுபவத்தில், எவன் உங்கள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறானோ, அவன் கொண்டுவந்தது சுலபம். மற்றது எல்லாம் கஷ்டம், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

அருள், நீ அம்மா லேப்டாப்பில் புதுசு போட்டபோது அந்தச் சிவப்புப் பொட்டைப் பார்த்தாய்தானே? பழைய சிஸ்டத்தில் அதற்கு நேர் கீழே பிரிண்ட் இருந்தது. புதியதில் அங்கே வேறு ஏதோ இருக்கிறது. அம்மா அன்றைக்குத் தேடிக்கொண்டிருந்தது தெரியாததால் அல்ல, பிரிண்ட் இருந்த இடத்தில் இல்லை என்பதால். ஜெனி, நீ ஆபீசில் பொத்தான் எங்கே இருக்கவேண்டும் என்று முடிவு பண்ணுகிற வேலையில் இருக்கிறாய். உன்மேல் எனக்குக் கோபம் அதிகம்.

இன்று காலை நான் பீரோவைத் திறந்து லேப்டாப்பை எடுத்தேன். அம்மா, "வேணாங்க" என்றாள். சமையலறை ஸ்டூலைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "கஷ்டம்தான், மெதுவாப் பாரு" என்றேன். திட்டிக்கொண்டேதான் தேடினாள். உன்னையும் திட்டினாள் அருள், என்னையும். கடைசியில் பிரிண்ட் இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்தாள். காகிதம் வந்ததும் எழுந்துபோய், குளியலறைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த பொட்டு ஒன்றை எடுத்து வந்து, எங்கே வேண்டுமோ அங்கே அவளே ஒட்டினாள்.

அடுத்த ஞாயிறு வரும்போது அதை யாரும் தொடக்கூடாது. ஸ்டூல் சமையலறையில் இருக்கிறது.

அப்பா